தூரத்தை முன்பே முடிவு செய்தல்: வால்பாறையில் மேனுவல் வைட் லென்ஸ்

ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். பாதி வளைவுகளைத் தாண்டுவதற்குள் வெளிச்சம் ஆளே மாறிவிடும். அடிவாரத்தில் கண் கூசும் வெயில். மேலே போகப் போக மரங்கள் நெருங்கும், முகட்டில் மேகம் இறங்கும், நடுப்பகலிலும் எதிரே வரும் பஸ் முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு வரும். காட்டுமாடு, இருவாச்சி, வரையாடு, சோலைமந்தி எல்லாம் இருக்கும் ஊர் என்பதால் கேமராவோடு வருகிறவர்கள் பெரும்பாலும் நீளமான டெலி லென்ஸைத்தான் தூக்கி வருகிறார்கள். அதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் ஒரே ஒரு லென்ஸோடு இந்த மலையைப் படமெடுக்க வேண்டுமென்றால், அது 20 முதல் 28 மி.மீ. வரையிலான, எஃப் 1.4 அல்லது எஃப் 2 வரை திறக்கக்கூடிய, கையால் ஃபோகஸ் திருப்பும் வைட் லென்ஸாக இருக்கட்டும் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். இத்தகைய லென்ஸைப் பலர் வாங்குவது பின்னணியைக் கரைத்துக் காட்டுவதற்காக. வால்பாறையில் அதன் பயன் வேறு. இங்கே அகலத் திறக்கும் அப்பர்ச்சர் நமக்கு நேரம் வாங்கித் தருகிறது. வைட் கோணம் ஃபோகஸில் தவறுவதற்கு இடம் தருகிறது. கையால் திருப்பும் வளையம், தூரத்தை நாமே முன்கூட்டி முடிவு செய்து பூட்டி வைக்க உதவுகிறது. இம்மூன்றும் ஒரே லென்ஸில் சேரும்போது கிடைக்கும் வசதி, தனித்தனியாக எதிலும் கிடைக்காது.

முதலில் வெளிச்சக் கணக்கைப் பார்த்துவிடலாம். அப்பர்ச்சர் எண் பாதியானால் உள்ளே வரும் ஒளி நான்கு மடங்காகும். எஃப் 4-லிருந்து எஃப் 1.4-க்கு வந்தால் எட்டு மடங்கு. கேமராவோடு சேர்த்து விற்கும் சாதாரண ஜூம் லென்ஸ் அதன் வைட் முனையில் எஃப் 3.5 வரைதான் திறக்கும். அதோடு ஒப்பிட்டாலும் ஆறு மடங்குக்கு மேல். சோலைக்காட்டின் ஓரத்தில், மேகம் மூடிய ஒரு பிற்பகலில், ஐஎஸ்ஓ 1600 வைத்து எஃப் 4-இல் அளந்தால் ஷட்டர் வேகம் நொடியில் எட்டில் ஒரு பங்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த வேகத்தில் கை அசைவு படத்தில் தெரியும். கையை ஸ்டெபிலைசேஷன் காப்பாற்றினாலும் காற்றில் ஆடும் பெரணி இலையைக் காப்பாற்றாது. அதே ஐஎஸ்ஓவில் எஃப் 1.4-க்குத் திறந்தால் அறுபதில் ஒரு பங்கு. 24 மி.மீ. லென்ஸைக் கையில் பிடித்து எடுக்க அது தாராளமாகப் போதும். பெரணியும் பெரும்பாலும் நின்றுவிடும். டெலி லென்ஸில் இதே சலுகை கிடைக்காது. 400 மி.மீ. லென்ஸுக்குக் கை நடுக்கமில்லாமல் எடுக்க நானூறில் ஒரு பங்காவது வேண்டும் என்பது பழைய கணக்கு. அவற்றில் பலவும் எஃப் 5.6 அல்லது எஃப் 6.3-இல் நின்றுவிடுகின்றன. வெளிச்சம் குறைந்த மலையில் அது இரண்டு பக்கமும் இடி.

எஃப் 1.4 என்றதும் வரும் முதல் ஆட்சேபம் இது: அவ்வளவு திறந்தால் தெளிவாக இருக்கும் பகுதி காகிதக் கனம்தானே, கையால் திருப்பி எப்படிப் பிடிப்பது? இந்தப் பயம் 85 மி.மீ. லென்ஸில் முகங்கள் எடுத்துப் பழகியவர்களிடமிருந்து வருகிறது, அங்கே அது உண்மையும்கூட. 85 மி.மீ., எஃப் 1.4, இரண்டு மீட்டர் தூரம் என்றால் தெளிவான பகுதி ஐந்து சென்டிமீட்டருக்கும் குறைவு. ஒரு கண் தெளிவாகவும் மறு கண் மங்கலாகவும் வரும். அதே எஃப் 1.4-ஐ 24 மி.மீ. லென்ஸில் அதே இரண்டு மீட்டரில் வைத்தால் தெளிவான பகுதி ஏறத்தாழ அறுபது சென்டிமீட்டர். தூரம் கூடக்கூட இது வேகமாக விரியும். முழுச் சட்டக சென்சாரில், வழக்கமாகக் கணக்கிடும் 0.03 மி.மீ. மங்கல் அளவை ஏற்றுக்கொண்டால், 24 மி.மீ. எஃப் 1.4-இன் ஹைப்பர்ஃபோகல் தூரம் 13.7 மீட்டர். அதாவது வளையத்தைச் சுமார் 14 மீட்டரில் நிறுத்திவிட்டால், 7 மீட்டரிலிருந்து அடிவானம் வரை அனைத்தும் தெளிவு என்று சொல்லுமளவுக்கு இருக்கும். அப்பர்ச்சர் முழுக்கத் திறந்திருக்கும்போதே இந்த நிலை. எஃப் 2-க்கு மூடினால் ஹைப்பர்ஃபோகல் 9.6 மீட்டர், எஃப் 2.8-இல் ஏறத்தாழ 7 மீட்டர், எஃப் 8-இல் 2.4 மீட்டர். ஏபிஎஸ்-சி சென்சார் வைத்திருப்பவர்கள் 16 மி.மீ. எஃப் 2 லென்ஸை எடுத்துக்கொண்டால், 0.02 மி.மீ. மங்கல் அளவுக்கு 6.4 மீட்டரில் நிறுத்த வேண்டும், 3.2 மீட்டரிலிருந்து எல்லாம் தெளிவு.

இந்த 0.03 என்ற அளவு மிதமான அளவில் அச்சிட்டுக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துப் பார்ப்பவருக்கானது. கணினியில் நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்க்கிறவருக்கும், சுவர் அளவுக்கு அச்சிடுகிறவருக்கும் அது போதாது. அவர்கள் 0.02 என்று வைத்துக் கணக்கிட வேண்டும். அப்போது 24 மி.மீ. எஃப் 1.4-க்கு 20 மீட்டருக்குச் சற்று மேல் வரும். ஆகவே வால்பாறையில் நிலக்காட்சிக்கும் விலங்குக்கும் சேர்த்து ஒரே இடத்தில் வளையத்தை விட்டுவைக்க விரும்பினால் 20 மீட்டர் நல்ல இடம். பத்து மீட்டருக்குள் எதுவும் படத்தில் முக்கியமாக இருக்கக் கூடாது என்பதே நிபந்தனை. தேயிலைத் தோட்டத்துச் சாலையில் நின்று எதிர்ச்சரிவைப் பார்க்கிறவருக்கு அந்த நிபந்தனை பாரமே இல்லை.

அடுத்த ஆட்சேபம் கனமானது. வைட் லென்ஸில் விலங்கு எறும்பாகத் தெரியும். பெரிதாக வேண்டுமென்றால் பக்கத்தில் போக வேண்டும். போனால் ஆபத்து, போவது தப்பும்கூட. பக்கத்தில் போகக் கூடாது என்பதில் இரண்டு கருத்தே கிடையாது. ஆனால் விலங்கு சிறிதாகத் தெரிவது குறை என்ற முடிவைத்தான் கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. முப்பது மீட்டர் தள்ளி, தோள் உயரம் 1.7 மீட்டர் உள்ள ஒரு காட்டுமாடு நிற்கிறது. அதன் பின்னால் முப்பது மீட்டர் உயர மரம். 400 மி.மீ. லென்ஸில் அந்த மாட்டின் பிம்பம் சென்சாரில் 22 மி.மீ.க்கு மேல் வரும். 24 மி.மீ. உயரமுள்ள சட்டகத்தை மாடே நிறைத்துவிடும். படத்தைப் பார்க்கிறவருக்கு அது முதுமலையா, பந்திப்பூரா, வால்பாறையா என்று சொல்ல எதுவும் இல்லை. 24 மி.மீ. லென்ஸில் அதே மாடு 1.4 மி.மீ. தான். கேமராவை நிமிர்த்தி நெடுக்காகப் பிடித்தால் மரம் சட்டகத்தின் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக்கொள்ளும். மாடு தேயிலைப் புதர்களுக்கு நடுவே நிற்பதும், புதர்கள் முடியும் இடத்தில் காடு சுவர்போல எழுவதும், அதற்கப்பால் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளின் ஓட்டுக்கூரை தெரிவதும் ஒரே படத்தில் வந்துவிடும். வால்பாறையின் கதையே அதுதான். ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர் பீடபூமி, சுற்றிலும் ஆனைமலை புலிகள் காப்பகமும் கேரளத்துக் காடுகளும், நடுவே தேயிலையும் காப்பியும், அவற்றுக்குள் தீவுகளாகச் சிதறிய மழைக்காட்டுத் துண்டுகள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் காட்டைத் திருத்தித் தோட்டம் போட்டதிலிருந்து விலங்கும் ஆளும் ஒரே நிலத்தில் மாறி மாறி நடக்கிறார்கள். அந்த நிலத்தை வெட்டியெறிந்துவிட்டு விலங்கை மட்டும் எடுத்துக்கொள்ளும் லென்ஸ், இந்த ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில் பாதியை விட்டுவிடுகிறது. இறகின் அடுக்கும் கண்ணின் நிறமும் வேண்டும் என்கிறவர் டெலி லென்ஸ் வாங்கட்டும்; அந்த வேலைக்கு அதுதான் கருவி.

இனி மூடுபனி. பகலில் மழைக்காலம் முழுக்கவும், மற்ற மாதங்களில் காலையும் மாலையும், இந்த மலையில் படமெடுப்பவர் அதிகம் பார்க்கப்போவது அதைத்தான். ஆட்டோஃபோகஸ் வேலை செய்வதற்குக் காட்சியில் வெளிச்சத்துக்கும் இருளுக்கும் இடையே வேறுபாடு வேண்டும். கோடுகள், விளிம்புகள் வேண்டும். பனி அந்த வேறுபாட்டைத்தான் முதலில் துடைத்தெடுக்கிறது. லென்ஸ் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும், அல்லது பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு குச்சியைப் பிடித்துக்கொண்டு சரியாக இருப்பதாகச் சொல்லும். பனி விலகி மலை தெரிவது சில நேரம் பத்து நொடிதான். அதற்குள் லென்ஸ் தேடி முடித்திருக்க வேண்டும். வளையத்தை 20 மீட்டரில் நிறுத்தி வைத்திருப்பவருக்குத் தேட ஒன்றுமில்லை. பனி விலகியதும் அழுத்த வேண்டியதுதான். இப்போது வரும் மிரர்லெஸ் கேமராக்கள் நிலவொளியிலும் ஃபோகஸ் செய்யும் என்கிறார்களே என்று கேட்கலாம். மைனஸ் 6 ஈவி வரை பிடிக்கும் என்று விளம்பரப்படுத்தும் கேமராக்கள் இருக்கின்றன, பொய்யில்லை. ஆனால் அந்த அளவை எஃப் 1.2 லென்ஸ் மாட்டி எடுத்ததாகக் குறிப்பேட்டின் அடியில் சிறிய எழுத்தில் போட்டிருக்கும்; அதாவது ஆட்டோஃபோகஸுக்கும் அகலத் திறக்கும் லென்ஸே வேண்டியிருக்கிறது. மேலும் அந்த எண் இருட்டைப் பற்றியது. பனி இருட்டாக இருப்பதில்லை, வேறுபாடற்று இருக்கிறது. அது தனிச் சிக்கல். இன்னொரு குறிப்பையும் இங்கேயே சொல்லிவிடலாம்: பனியைக் கேமராவின் மீட்டர் சாம்பலாக்கப் பார்க்கும். ஒரு ஸ்டாப் கூட்டி வைத்தால்தான் வெள்ளை வெள்ளையாக வரும்.

ஆட்டோஃபோகஸ் லென்ஸையே மேனுவலில் போட்டு வைத்தால் போதாதா? ஓரளவு போதும். ஏற்கெனவே அப்படிப்பட்ட 24 மி.மீ. எஃப் 1.4 லென்ஸ் கையில் இருப்பவர் இதைப் படித்துவிட்டு இன்னொன்று வாங்க வேண்டியதில்லை. ஆனால் புதிய ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களில் பெரும்பாலானவற்றின் வளையம் கண்ணாடியோடு நேரடியாக இணைந்ததில்லை. உள்ளே இருக்கும் மோட்டாருக்குச் செய்தி அனுப்பும் வெறும் பொத்தான் மாதிரி. முடிவில்லாமல் சுற்றும், தூர அளவுகள் பொறித்திருக்காது, கேமராவை அணைத்துப் போட்டால் பல லென்ஸ்கள் இருந்த இடத்தை மறந்துவிடும். முழு மேனுவல் லென்ஸில் வளையம் இரு முனையிலும் தடுத்து நிற்கும். மீட்டர் அளவுகள் பொறித்திருக்கும். கை, இருட்டிலும் பழக்கத்தில் இடத்தைக் கண்டுகொள்ளும். கொரியாவின் சம்யாங், சீனாவின் லாவோவா, ஜப்பானின் ஃபோக்ட்லாண்டர் ஆகிய பெயர்களில் இவ்வகை வைட் லென்ஸ்கள் வருகின்றன. மோட்டார் இல்லாததால், அதே அளவுக்குத் திறக்கும் முன்னணி நிறுவனங்களின் ஆட்டோஃபோகஸ் லென்ஸைவிட இவற்றில் பலவற்றின் விலை கணிசமாகக் குறைவு. ஃபிலிம் காலத்து நிக்கான் 24 மி.மீ. எஃப் 2, 28 மி.மீ. எஃப் 2 போன்றவற்றை அடாப்டர் மூலம் இன்றைய மிரர்லெஸ் கேமராவில் மாட்டலாம். செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது உள்ளே டார்ச் அடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

ஃபோகஸைக் கண்ணால் தேடாமல் தூரமாக அளப்பது பழைய சினிமாக்காரர்களுக்குக் கைவந்த கலை. ஸ்டான்லி குப்ரிக் 1975-இல் வெளிவந்த ‘பாரி லிண்டன்’ படத்தின் மெழுகுவத்திக் காட்சிகளுக்கு எஃப் 0.7 வரை திறக்கும் ஸைஸ் லென்ஸைப் பயன்படுத்தினார். அந்தத் திறப்பில் தெளிவான பகுதி மிகக் குறுகலானது. ஃபோகஸ் பார்த்தவர்கள் ஷூட்டிங் கேமராவுக்குச் செங்கோணத்தில் ஒரு வீடியோ கேமராவை வைத்து, கட்டம் போட்ட திரையில் நடிகர் எவ்வளவு முன்னே, எவ்வளவு பின்னே வருகிறார் என்று பார்த்து வளையத்தைத் திருப்பினார்கள். நமக்கு அவ்வளவு பாடு இல்லை. ஏழு மீட்டர், பதினான்கு மீட்டர், இருபது மீட்டர் எவ்வளவு என்று கண்மதிப்பில் தெரிந்தால் போதும். ஊரிலேயே தெருவில் அடி வைத்து அளந்து ஒரு வாரம் பழகினால் வந்துவிடும்.

இந்த வாதத்துக்கு மிக வலுவான சாட்சி இந்த மலைத்தொடரிலேயே இருக்கிறது. 2022-ஆம் ஆண்டு கோடைமழைக் காலத்தில், ஆனைமலை புலிகள் காப்பகத்தின் டாப்சிலிப் பக்கம் உள்ள உலாந்தி வனச்சரகத்தில், கோடிக்கணக்கான மின்மினிகள் ஒருசேர மின்னி அணைவதை வனத்துறையும் ஸ்ரீராம் முரளி என்ற ஒளிப்படக் கலைஞரும் ஆவணப்படுத்தினார்கள். ஒரு மரத்தில் தொடங்கும் மின்னல் அடுத்தடுத்த மரங்களுக்கு அலைபோலப் பரவும். அந்தக் காட்சியைக் காட்டும் அவருடைய படம், லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் 2023-ஆம் ஆண்டு உலகக் காட்டுயிர் ஒளிப்படப் போட்டியில் முதுகெலும்பற்ற உயிரினங்களின் நடத்தைப் பிரிவில் முதல் பரிசு பெற்றது. 19 நொடிகள் வீதம் எடுத்த ஐம்பது படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து, ஏறத்தாழ பதினாறு நிமிடங்களில் நடந்ததை ஒரே சட்டகத்தில் கொண்டுவந்த படம் அது. கேமரா அசையாமல், ஃபோகஸ் மாறாமல், ஐம்பது முறை. ஆட்டோஃபோகஸ் பிடித்துக்கொள்ள எதுவுமே இல்லாத கும்மிருட்டில் இந்த வேலைக்கு ஒரே வழி, வெளிச்சம் இருக்கும்போதே ஒரு மரத்தைத் தேர்ந்து, ஃபோகஸ் வைத்து, அதை அசைய விடாமல் பார்த்துக்கொள்வது.

மின்மினியைப் படமெடுக்கும்போது வெளிச்சக் கணக்கு சாதாரணக் காட்சியிலிருந்து வேறுபடும். அகலத் திறக்கும் லென்ஸ் ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் கிடையாது. நிற்கும் மரத்தைப் படமெடுக்கும்போது அப்பர்ச்சர் போதாவிட்டால் ஷட்டரை இன்னும் நேரம் திறந்து வைத்துச் சரிக்கட்டலாம். மின்மினி மின்னுவது நொடியில் ஒரு பகுதி; பிறகு அணைந்து, நகர்ந்து, வேறிடத்தில் மின்னும். 19 நொடி திறந்து வைத்தாலும் 60 நொடி திறந்து வைத்தாலும் அந்த ஒரு மின்னல் தரும் ஒளி அதேதான். கூடுதல் நேரத்தால் மின்னல்களின் எண்ணிக்கை கூடும், பின்னணி வெளுக்கும், ஒவ்வொரு புள்ளியின் பிரகாசமும் கூடாது. அதைக் கூட்டுவது லென்ஸின் உண்மையான திறப்பு, மில்லிமீட்டரில். 24 மி.மீ. எஃப் 1.4-இன் திறப்பு 17 மி.மீ. விட்டம். 14 மி.மீ. எஃப் 2.8-இன் திறப்பு 5 மி.மீ. பரப்பளவில் பார்த்தால் முன்னது ஏறத்தாழ பன்னிரண்டு மடங்கு. எஃப் எண்ணை மட்டும் பார்த்தால் நான்கு மடங்கு என்றுதான் தோன்றும். நட்சத்திரங்களுக்கும் இதே கணக்குதான். 14 மி.மீ. லென்ஸ் வானத்தை அகலமாகக் காட்டும், ஆனால் மங்கலான நட்சத்திரங்களை விட்டுவிடும். அதனால்தான் இங்கே 20 முதல் 28 வரை என்று முதலிலேயே சொன்னது.

ஐஎஸ்ஓவை ஏற்றிக்கொள்ளலாமே, பிறகு மென்பொருள் நாய்ஸைத் துடைத்துவிடுமே என்பது இன்றைய பொதுவான பதில். ஐஎஸ்ஓ உள்ளே வந்த ஒளியைப் பெரிதாக்கிக் காட்டுமே தவிர, வராத ஒளியைக் கொண்டுவராது. துடைக்கும் மென்பொருள் தேடுவது, சுற்றியுள்ளவற்றோடு பொருந்தாத சிறு பிரகாசப் புள்ளிகளை. மங்கலாகப் பதிந்த மின்மினியும் அப்படிப்பட்ட ஒரு புள்ளிதான். மென்பொருள் வேலையை முடித்தபிறகு காடு சுத்தமாக இருக்கும், பூச்சிகள் காணாமல் போயிருக்கும். கைப்பேசியின் நைட் மோடு பற்றியும் இதையே சொல்ல வேண்டும். கைப்பேசிக் கேமராவிலும் எஃப் 1.8 என்று எழுதியிருக்கும். ஆனால் அதன் உண்மையான குவியத் தூரம் 7 மி.மீ. சுமார் என்பதால் திறப்பு 4 மி.மீ. தான். 17 மி.மீ.க்கு எதிரே அது பதினெட்டில் ஒரு பங்கு ஒளி. அசையாத கட்டடத்துக்கும் தெருவிளக்குக்கும் கைப்பேசி நன்றாகவே ஈடுகொடுக்கிறது. மின்னி மறைவதற்கு ஈடுகொடுக்க முடியாது.

செய்முறை இதுதான். பொழுது சாயும் முன்பே இடத்துக்குப் போய்விட வேண்டும். எட்டு முதல் பத்து மீட்டர் தள்ளி நல்ல அடிமரம் ஒன்றைத் தேர்ந்து, திரையில் பெரிதாக்கி, பட்டையின் வெடிப்புகள் துல்லியமாகத் தெரியும்வரை வளையத்தைத் திருப்பி, ஒட்டும் டேப் போட்டு நிறுத்திவிட வேண்டும். ட்ரைபாட் கால்கள் சருகின்மேல் நிற்காமல் மண்ணில் பதிந்திருக்க வேண்டும். பின்னணிக்காக மங்கிய வெளிச்சத்திலேயே ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு, இருட்டியபின் 15 முதல் 20 நொடி வீதம் இடைவெளி இல்லாமல் எடுத்துக்கொண்டே போகலாம். டார்ச், கைப்பேசித் திரை, கேமராவின் சிவப்பு உதவி விளக்கு எதுவும் எரியக் கூடாது. மின்மினி மின்னுவது இணையைத் தேடி. வெளிச்சம் பட்டால் அந்தப் பேச்சு குலைந்துபோகும். காப்பகத்துக்குள் இரவில் இருப்பதற்கு வனத்துறையின் அனுமதி வேண்டும். அது இல்லாமல் போகிற வழி எதையும் இந்த நூல் சொல்லாது.

நட்சத்திரங்களை எடுக்க அனுமதிச் சிக்கல் குறைவு. தங்கும் விடுதியின் மொட்டைமாடியே போதும். வால்பாறைக்கு வடக்கே பொள்ளாச்சிச் சமவெளியின் விளக்கு வெளிச்சம் வானத்தில் ஏறித் தெரியும். தெற்கே காடு. மார்ச், ஏப்ரல் மாதங்களில் விடியலுக்கு முன் பால்வெளியின் மையப்பகுதி எழுவது அந்த இருண்ட தென்கிழக்குப் பக்கம் என்பது நமக்கு அனுகூலம். குவியத் தூரத்தால் 500-ஐ வகுத்தால் நட்சத்திரம் கோடாக இழுபடாத நேரம் கிடைக்கும் என்பது கைக்கணக்கு, 24 மி.மீ.க்கு 20 நொடி. இன்றைய நுணுக்கமான சென்சார்களுக்கு 300-ஐ வகுத்து 12 நொடி வைப்பது நல்லது. நேரம் இப்படிக் குறுகக் குறுக எஃப் 1.4-இன் அருமை கூடுகிறது. ஹைப்பர்ஃபோகல் கணக்கு இங்கே உதவாது; நட்சத்திரத்துக்கு வளையம் துல்லியமாக முடிவிலியில் இருக்க வேண்டும். பல லென்ஸ்களில் முடிவிலிக் குறி போட்டிருக்கும் இடம் உண்மையான முடிவிலி ஆகாது. வெப்பநிலைக்கு ஏற்பவும் கொஞ்சம் நகரும், பொள்ளாச்சி வெயிலில் சரிபார்த்த குறி வால்பாறைக் குளிரில் தள்ளிப்போகலாம். ஆகவே பிரகாசமான ஒரு நட்சத்திரத்தைத் திரையில் பத்து மடங்கு பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும் இடத்தில் அந்த இரவே டேப் போடுவதுதான் சரி.

லென்ஸின் குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. இவ்வகை லென்ஸ்கள் முழுக்கத் திறந்திருக்கும்போது ஓரங்கள் இருண்டு வரும். மூலைகளில் நட்சத்திரங்கள் இறக்கை முளைத்ததுபோல விரியும். எஃப் 2-க்கு மூடினால் பாதி சரியாகும், எஃப் 2.8-இல் ஏறத்தாழ மறையும். பால்வெளியை எடுக்கிறவர் எஃப் 2-இல் நிற்பது நல்ல சமரசம். மின்மினிக்கு முழுக்கத் திறக்கலாம், ஏனென்றால் இருண்ட மூலையில் இறக்கை முளைத்த மின்மினியை யாரும் குற்றம் சொல்லப்போவதில்லை. இருட்டும் ஓரங்களைக் கணினியில் சரிசெய்துகொள்ளலாம்.

பகலில், ஆட்களுக்கு நடுவே, இதே லென்ஸை வேறு மாதிரி நடத்த வேண்டும். கொழுந்து பறிக்கும் பெண்கள் வரிசையாக நகரும் சரிவில், அவர்களிடம் கேட்டுச் சம்மதம் வாங்கியபின், மூன்று மீட்டர் தள்ளி நின்றால் ஒருவர் படுக்கையாகப் பிடித்த சட்டகத்தின் உயரத்தில் பாதியைப் பிடிப்பார். இங்கே எஃப் 1.4 வேண்டாம். எஃப் 5.6, வளையம் மூன்று மீட்டரில்: 1.6 மீட்டரிலிருந்து 24 மீட்டர் வரை தெளிவு. முன்னால் இருக்கும் கையும் கத்தரியும், பின்னால் வரிசையில் இருப்பவர்களும், சில்வர் ஓக் மரங்களும் எல்லாம் அதற்குள் அடங்கும். வேலை செய்கிறவர்கள் நமக்காக நிற்க வேண்டியதில்லை. கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோய் ஃபோகஸ் தேடும் நேரமும் மிச்சம். முகங்களைச் சட்டகத்தின் ஓரத்துக்குத் தள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் வைட் லென்ஸ் ஓரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டும். யாருக்கும் தன் முகம் அப்படி வருவது பிடிக்காது. புதுத்தோட்டத்தில் சாலையைக் கடக்கும் சோலைமந்திகளுக்காக மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். அந்தப் பாலமும் கீழே போகும் வண்டியும் மேலே நடக்கும் மந்தியும் ஒரே படத்தில் வர வைட் லென்ஸால்தான் முடியும். மந்தி தானாகப் பக்கத்தில் வந்தாலும் தின்பதற்கு எதுவும் கொடுக்கக் கூடாது, நாம் அதை நோக்கி நடக்கவும் கூடாது. எஃப் 2.8, ஐந்து மீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஏறத்தாழ மூன்று மீட்டரிலிருந்து பதினெட்டு மீட்டர் வரை இடம் இருக்கிறது. அது போதும். ஷட்டர் மட்டும் இருநூற்றைம்பதில் ஒரு பங்குக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாலை வெளிச்சம் அழகாக இருக்கும் நேரமும் யானைகள் காட்டுத் துண்டுகளை விட்டு வெளியே வரும் நேரமும் ஒன்று. வைட் லென்ஸ் வைத்திருப்பவருக்கு யானை இருப்பதைவிடத் தூரத்தில் இருப்பதாகத் தோன்றும். வியூஃபைண்டரில் பார்த்துத் தூரத்தை நம்பக் கூடாது. நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற ஆய்வு நிறுவனம் வனத்துறையோடும் தோட்டங்களோடும் சேர்ந்து இங்கே யானை எச்சரிக்கை ஏற்பாட்டை நடத்திவருகிறது. யானை நடமாட்டம் பற்றிக் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி போகும், முக்கியமான இடங்களில் உயரத்தில் வைத்த சிவப்பு விளக்கு எரியும். அதை முன்னெடுத்த ஆனந்தகுமார் 2015-இல் விட்லி விருது பெற்றார். அந்த விளக்கு எரிந்தால் ட்ரைபாடை மடக்கிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும், வானம் எந்த நிறத்தில் இருந்தாலும்.

கடைசியாக ஈரம். தமிழ்நாட்டில் மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களில் ஒன்றான சின்னக்கல்லாறு இங்கேதான் இருக்கிறது. மேனுவல் லென்ஸ்களில் பலவற்றுக்கு மழைத் தடுப்பு ரப்பர் வளையம் கிடையாது. ஏசி போட்ட காரிலிருந்து ஈரக்காற்றுக்குள் கேமராவை எடுத்தால் முன்கண்ணாடியில் நீர் படியும். வந்து சேர்வதற்குக் கால் மணி நேரம் முன்பே ஏசியை அணைத்துக் கண்ணாடியை இறக்கிவிட்டால் இந்தத் தொல்லை இருக்காது. இரவு முழுக்க வெளியே வைத்து எடுப்பவர்கள் லென்ஸைச் சுற்றி ரசாயனச் சூட்டுப் பை ஒன்றைக் கட்டிக்கொள்வது உண்டு. கட்டும்போது ஃபோகஸ் வளையத்தின்மேல் படாமல் முன்பக்கமாகக் கட்ட வேண்டும், சூடு டேப்பின் பசையை இளக்கிவிடும். ஊர் திரும்பியதும் லென்ஸைப் பையிலேயே விட்டுவிடாமல் துடைத்து, ஒரு நாள் காற்றாட வைத்து, பிறகு சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பாவில் வைக்க வேண்டும். சிலிக்கா ஜெல் நிறம் மாறியிருந்தால் வாணலியில் மிதமாகச் சூடாக்கி ஈரத்தைப் போக்கி மறுபடி பயன்படுத்தலாம். அந்த வாணலியைச் சமையலுக்கு எடுக்கக் கூடாது.